வகுத்தல் குறி ஒன்று, விடை இரண்டு

வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் அனுபவம் புதிதன்று. நாம் 'கல்யாணம்' என்றால் திருமணத்தைச் சொல்கிறோம். அண்டை வீட்டு இந்திக்காரர் 'கல்யாண்' என்றால் நலத்தைச் சொல்கிறார். நமக்கு 'உபந்நியாசம்' என்பது கோயில் மண்டபத்தில் அமர்ந்து கேட்கும் சமயச் சொற்பொழிவு. அவருக்கு 'உபன்யாஸ்' என்பது நாவல். நமக்குச் 'சிட்சை' என்றால் தண்டனை. அவருக்குச் 'சிக்ஷா' என்றால் கல்வி. முற்றிலும் தெரியாத சொல்லொன்று காதில் விழுந்தால் பொருள் என்னவென்று கேட்டுத் தெளிகிறோம். தெரிந்த சொல்போல் தோன்றுவதே நம்மை ஏமாற்றுகிறது. ஏனெனில், அதைப்பற்றி யாரையும் கேட்க வேண்டுமென்று நமக்குத் தோன்றுவதேயில்லை.

கணிப்பொறிக்கு ஆணையிடும் மொழிகளிலும் இத்தகைய சொற்கள் உண்டு. அவற்றுள் மிகவும் சாதுவாய்த் தோன்றி மிகுந்த தொல்லை தருவது வகுத்தல் குறியாகும். ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் ஒரு மொழி மூன்று என்கிறது. மற்றொரு மொழி மூன்றரை என்கிறது. குறை ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் ஒன்று குறை மூன்று என்கிறது. இன்னொன்று குறை நான்கு என்கிறது. கணக்கு என்பது உலகெங்கும் ஒன்றே என்று நம்பி வளர்ந்த நமக்கு இது வியப்பாயிருக்கலாம். ஆயினும் இவ்விடைகளுள் எதுவும் தவறன்று என்பதே அதனினும் பெரிய வியப்பு.

இதனை நம் சங்கத்து மாத இதழில் எழுதுவானேன் என்று நேயர்கள் வினவலாம். இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் மகனோ, மகளோ, மருமகனோ மென்பொருள் நிறுவனங்களில் பணி புரிகின்றனர். பழைய மொழியொன்றில் எழுதிய நிரலை, அதாவது புரோகிராமை, புதிய மொழிக்கு மாற்றுவது அவர்களுடைய வேலையில் ஒரு பெரும் பகுதி. அவ்வாறு மாற்றப்படும் நிரல்களே நம் சம்பளத்தையும், ஓய்வூதியத்தையும், பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் கணக்கிடுகின்றன. ஆகவே இவ்விஷயம் எழுதுவோர்க்கு மட்டும் உரியதன்று. எழுதப்படுவோராகிய நமக்கும் உரியது. அலுவலகத்தில் பேரேடும் பட்டியலும் எழுதிக் காலங்கழிக்கும் நம்போன்றோர்க்கு இது அந்நியமான பொருளுமன்று.

ஈவும் மீதியும்

முதலில் அடிப்படையைக் காண்போம். ஒரு முழு எண்ணை மற்றொரு முழு எண்ணால் வகுத்தால் ஈவும் மீதியும் கிடைக்கும் என்று பள்ளியில் படித்தோம். பதினேழை ஐந்தால் வகுத்தால் ஈவு மூன்று, மீதி இரண்டு. பின்னமும் தசமமும் பின்னால் வந்தவை. வகுத்தல் என்றதும் நம் பெரியோர் மனத்தில் எழுந்தது ஈவும் மீதியுமே.

இவ்வகை வகுத்தல் எத்துணைப் பயனுடையது என்பதற்கு, ஊர் சென்று வருவோர் யாவரும் அறிந்த ஸ்லீப்பர் பெட்டியே சான்று. அப்பெட்டியில் ஒவ்வொரு பகுதியிலும் எட்டுப் படுக்கைகள் உள்ளன. ஒன்றும் நான்கும் கீழ்ப் படுக்கை. இரண்டும் ஐந்தும் நடுப் படுக்கை. மூன்றும் ஆறும் மேல் படுக்கை. ஏழு சைடு லோயர். எட்டு சைடு அப்பர். பயணச் சீட்டில் 43 என்று கண்டவுடன் அது ஆறாம் பகுதியின் மேல் படுக்கை என்று அனுபவமுள்ளோர் சொல்லிவிடுவர். அவர்கள் மனத்தில் நடப்பது முழு எண் வகுத்தலே. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து எட்டால் வகுக்க வேண்டும். 42ஐ எட்டால் வகுத்தால் ஈவு ஐந்து, மீதி இரண்டு. ஐந்து பகுதிகள் நிறைந்து கழிந்தன. ஆகவே இது ஆறாவது. மீதி இரண்டு என்பது மூன்றாம் படுக்கையைக் குறிக்கும். ஈவு இடத்தைச் சொல்கிறது. மீதி வகையைச் சொல்கிறது.

இக்கணக்கையே ஒரு நிரலாக எழுதியிருப்பதாகக் கொள்வோம். அதனைப் புதிய மொழிக்கு மாற்றியவர் வகுத்தல் குறியை அப்படியே பெயர்த்து எழுதிவிட்டார். புதிய மொழியோ தசம விடை தரும் மொழி. 42ஐ எட்டால் வகுத்து, ஐந்தேகால் என்று கண்டு, ஒன்றைக் கூட்டி, '43ஆம் படுக்கை 6.25ஆம் பகுதியில் உள்ளது' என்று அந்நிரல் அறிவிக்கும். ஆறேகாலாவது பகுதியை எந்தப் பெட்டியில் தேடுவது?

மூன்றா, மூன்றரையா?

மேலே கூறியது வெறுங்கற்பனையன்று. ஹாலந்து நாட்டவராகிய கைடோ வான் ரோசம் என்பார் உருவாக்கி 1991இல் வெளியிட்ட பைத்தான் என்னும் மொழியிலேயே இம்மாற்றம் நிகழ்ந்தது. அம்மொழியின் பழைய பதிப்புக்களில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்ணே விடையாக வரும். இது புதியோரைக் குழப்புகிறது என்று கருதி, 2001இல் ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டது. அதன்படி ஒற்றைச் சாய்கோடு உண்மையான பின்ன விடையையும், இரட்டைச் சாய்கோடு ஈவை மட்டும் தருவதாயிற்று. இரட்டைச் சாய்கோடு 2001ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 2.2ஆம் பதிப்பிலேயே இடம் பெற்றது. ஒற்றைச் சாய்கோட்டின் பொருள் மாற்றம் 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் நிலைபெற்றது. இரண்டாம் பதிப்புக்கான பராமரிப்பு 2020 ஜனவரி முதல் தேதியுடன் முடிந்தது. பெயரால் ஒரே மொழி. ஆயினும் இரு பதிப்புக்களுக்கிடையே நிரலைக் கொண்டுசெல்வதுகூட ஒரு மொழிபெயர்ப்பே ஆயிற்று.

விவரத் தொகுப்புக்களை வைத்திருக்கும் தரவுத்தளங்களிலும் இதே கதைதான். ஆரக்கிள், மைசீக்குவல் ஆகியவற்றில் ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரை வரும். போஸ்ட்கிரெஸ், மைக்ரோசாப்ட்டின் சீக்குவல் சர்வர் ஆகியவற்றில் இரண்டும் முழு எண்ணாயிருப்பின் மூன்றே வரும். ஒரு கல்லூரியின் வருகைப் பதிவேட்டை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். அறுபது வகுப்புக்களுள் நாற்பத்தைந்துக்கு வந்த மாணவனுக்கு எத்தனை விழுக்காடு? '45ஐ 60ஆல் வகுத்து 100ஆல் பெருக்கு' என்று பழைய நிரலில் இருந்தது; விடை 75. புதிய இடத்தில் 45ஐ 60ஆல் வகுத்தவுடனேயே ஈவு பூஜ்யம். பூஜ்யத்தை நூறால் பெருக்கினாலும் பூஜ்யமே. தேர்வெழுத எழுபத்தைந்து விழுக்காடு வேண்டுமென்னும் கல்லூரியில் அம்மாணவனின் கதி என்ன? முதலில் நூறால் பெருக்கிப் பின்னர் வகுத்திருந்தால் 75 என்றே வந்திருக்கும். பெருக்கலை முன்னும் வகுத்தலைப் பின்னும் செய்க என்று பழைய கணக்காசிரியர்கள் சொல்லிவந்த அறிவுரை இங்கும் பயன்படுகிறது.

எனினும் இவ்வகைத் தவறு பேராபத்து உடையதன்று. ஆறேகாலாவது பகுதியையும், பூஜ்ய விழுக்காட்டையும் கண்டவுடன் யாரேனும் ஒருவர் கூச்சலிடுவர், திருத்தம் நடக்கும். கண்ணுக்குத் தென்படாமல் உள்ளே உறைவது வேறொன்று.

குறை எண்ணின் குழப்பம்

கழித்தல் குறியிட்ட எண்ணைக் குறை எண் என்கிறோம். அதனை வகுக்கும்போது ஈவு எது, மீதி எது? இதனைக் கடன் கணக்காக எண்ணிப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

இருவர் கூட்டாக ஏழு ரூபாய் கடன் பட்டிருக்கின்றனர்; பைசா என்பது இல்லை; முழு ரூபாயாகவே பகிர வேண்டும். ஒரு முறை: ஆளுக்கு மூன்று ரூபாய்க் கடனை ஏற்றுக்கொள்வது, இன்னும் ஒரு ரூபாய்க் கடன் தீராமல் நிற்கும். இங்கு ஈவு குறை மூன்று, மீதி குறை ஒன்று. மற்றொரு முறை: ஆளுக்கு நான்கு ரூபாய் கொடுத்துக் கடனை முற்றும் அடைத்துவிடுவது, ஒரு ரூபாய் கையில் மிஞ்சும். இங்கு ஈவு குறை நான்கு, மீதி ஒன்று. இரண்டு முறையிலும் வகுக்கும் எண்ணை ஈவால் பெருக்கி மீதியைக் கூட்டினால் குறை ஏழு சரியாக வருகிறது. ஆகவே இரண்டும் நேர்மையான கணக்கே. முதல் முறையைப் பூஜ்யத்தை நோக்கி வெட்டுதல் என்றும், இரண்டாம் முறையைக் கீழ்நோக்கி இறக்குதல் என்றும் கூறலாம்.

சி, ஜாவா, கோ, ரஸ்ட் முதலிய மொழிகள் வெட்டும் முறையைக் கைக்கொள்கின்றன. பைத்தானும் ரூபியும் இறக்கும் முறையைக் கைக்கொள்கின்றன. வெட்டும் மொழிகளில் மீதியானது வகுபடும் எண்ணின் குறியை ஏற்கும். இறக்கும் மொழிகளில் வகுக்கும் எண்ணின் குறியை ஏற்கும். எண்கள் இரண்டும் நேர்க்குறி உடையனவாயின் வேற்றுமையே இல்லை. மீதியின்றி வகுபடுமாயினும் வேற்றுமை இல்லை. குறை எட்டை இரண்டால் வகுத்தால் எங்கும் குறை நான்கே. இதனால்தான் இத்தவறு ஒளிந்து வாழ்கிறது. நிரலை மாற்றியவர் பத்தையும் நூறையும் இட்டுச் சோதித்துப் பார்க்கிறார், யாவும் பொருந்துகின்றன. 'சரி' என்று கையொப்பமும் இட்டுவிடுகிறார்.

ஒரு சிறு உதாரணம். ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்று அறிய, இரண்டால் வகுத்து மீதி ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பைத்தானில் குறை ஏழுக்கும் மீதி ஒன்று வரும், சோதனை பலிக்கும். அதே வரியைச் சி மொழிக்கு மாற்றினால் மீதி குறை ஒன்று. குறை ஏழு ஒற்றையன்று என்று அந்நிரல் தீர்ப்புக் கூறிவிடும். மீதி பூஜ்யம் அன்று என்பதை மட்டும் சோதித்திருந்தால் எங்கும் பிழை நேர்ந்திராது.

இவ்வேற்றுமை எங்ஙனம் வந்தது?

ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் தலைமையில் உருவாகி 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி, விஞ்ஞானக் கணக்குகளுக்காகப் பிறந்தது. அது வெட்டும் முறையைக் கொண்டது. பின்னர் எழுந்த சி மொழிக்கு 1989இல் அமெரிக்காவில் தர நிர்ணயம் செய்தபோது, குறை எண் வகுத்தலை எப்படிச் செய்வதென்பதை அந்தந்தக் கணிப்பொறியின் வசதிக்கே விட்டுவிட்டனர். ஒரே நிரல் ஒரு யந்திரத்தில் ஒரு விடையும், வேறொரு யந்திரத்தில் வேறு விடையும் தரலாம் என்ற நிலை இருந்தது. 1999ஆம் ஆண்டின் தர நிர்ணயமே பூஜ்யத்தை நோக்கி வெட்டுவதைக் கட்டாயமாக்கியது. ஃபோர்ட்ரானிலிருந்து சி மொழிக்கு நிரல்களை மாற்றுவோர்க்கு எளிதாயிருக்கட்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. நிரலைப் பெயர்ப்போரின் துன்பத்தை எண்ணியே ஒரு மொழியின் இலக்கணம் திருத்தப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மறுபுறம், கணித அறிஞர்கள் இறக்கும் முறையையே விரும்பினர். டொனால்டு குனூத் என்பார் 1968இல் வெளியிட்ட தம் பெருநூலின் முதல் தொகுதியில், மீதியை அம்முறைப்படியே வரையறுத்தார். எந்நிலையிலும் மீதி குறை எண்ணாக வரலாகாது என்னும் மூன்றாவது முறையை ரேமண்டு பூட் என்பார் 1992இல் ஆதரித்து எழுதினார்; யூக்ளிடின் பெயரால் வழங்கும் முறை அது. ஏடா, ஹாஸ்கெல் போன்ற மொழிகள் இவ்வழக்கில் எப்பக்கமும் சேராமல், இரு வகை மீதிக்கும் இரு பெயர் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்க என்று விட்டுவிட்டன. அதுவே நாகரிகமான தீர்வு என்று நமக்குத் தோன்றுகிறது.

நள்ளிரவு இரயிலும் பிறந்த தேதியும்

குறை எண் நம் வாழ்வில் எங்கே வரப்போகிறது என்று எண்ணற்க. காலக் கணக்கில் அது நாள்தோறும் வருகிறது.

பதினைந்தாம் தேதி இரவு 0.20 மணிக்குப் புறப்படும் இரயிலுக்குப் பதினான்காம் தேதி இரவே நிலையம் சேர வேண்டும் என்பது பலமுறை ஊர் சென்றவர்க்குத் தெரியும். முதன்முறை செல்வோர் பதினைந்தாம் தேதி இரவு சாவகாசமாக வந்து நிற்பதும் உண்டு. ஒரு மணி முன்னதாக வருக என்று பயணிக்குச் செய்தி அனுப்பும் நிரல் ஒன்றைக் கருதுவோம். நள்ளிரவிலிருந்து இருபது நிமிடம். அதிலிருந்து அறுபதைக் கழித்தால் குறை நாற்பது. ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். குறை நாற்பதை 1,440ஆல் இறக்கும் முறையில் வகுத்தால் ஈவு குறை ஒன்று, மீதி 1,400. அதாவது முந்தைய நாள் இரவு 23.20. இது நாம் வேண்டும் விடை. வெட்டும் முறையில் ஈவு பூஜ்யம், மீதி குறை நாற்பது. நாள் மாறவில்லை; மணியோ கழித்தல் குறியுடன் நிற்கிறது. அக்குறியை எவரேனும் அழகுக்காக நீக்கி வெளியிட்டுவிட்டால், 'பதினைந்தாம் தேதி 0.40 மணிக்கு வருக' என்ற செய்தி சென்று சேரும். அதற்குள் வண்டி புறப்பட்டு இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

பிறந்த தேதியின் கணக்கு இதனினும் நுட்பமானது. யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறி ஏற்பாடுகள் காலத்தை 1970 ஜனவரி முதல் தேதி முதற்கொண்டு நொடிகளாக எண்ணுகின்றன. அதற்கு முற்பட்ட காலம் யாவும் குறை எண்ணே. அத்தேதிக்கு முன் பிறந்த நம் பெரியோர் அனைவரும் கணிப்பொறியின் கண்ணில் குறை எண்ணில் பிறந்தவர்கள். நொடிகளை 86,400ஆல் வகுத்தால் நாட்கணக்கு வரும். 1969 டிசம்பர் 31 மாலை ஆறு மணி என்பது குறை 21,600 நொடி. இறக்கும் முறையில் ஈவு குறை ஒன்று. அதாவது டிசம்பர் 31. வெட்டும் முறையில் ஈவு பூஜ்யம்; அதாவது 1970 ஜனவரி 1. முன்னிரவுக்கு முன்பே புத்தாண்டு பிறந்துவிடுகிறது!

ஒரு நாள் வேற்றுமையால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். மத்திய அரசு ஊழியருள் பெரும்பாலோர் அறுபது வயது நிறையும் மாதத்தின் இறுதி நாளில் ஓய்வு பெறுகின்றனர். முதல் தேதியில் பிறந்தவர் மட்டும் அதற்கு முந்தைய மாதத்தின் இறுதி நாளிலேயே ஓய்வு பெறுவது விதி. 1966 ஜூலை முதல் தேதி பிறந்தவருக்கு 2026 ஜூன் 30 ஓய்வு நாள். நேரம் குறிக்காத தேதிக்கு நண்பகல் என்று இட்டுக்கொள்வது நிரலாளர் சிலரின் வழக்கம். அத்தகைய நிரலைப் பைத்தானிலிருந்து ஜாவாவுக்குக் குறி மாறாமல் பெயர்த்தால், அவர் பிறந்த நாள் ஜூலை 2 என்றாகிவிடும். ஓய்வு நாள் ஜூலை 31 என்று பட்டியலில் ஏறும். ஒரு நாள் பிழை ஒரு மாதமாக வளர்ந்துவிட்டது. ஒரு மாதச் சம்பளம், ஓய்வூதியத் தொடக்கம், பணிப் பதிவேட்டுடன் முரண்பாடு, அதற்காக ஏறி இறங்கும் படிகள் ஆகிய அனைத்தும் ஒரு சாய்கோட்டின் பொருளைக் கேளாததால் வந்தவை. 1970க்குப் பின் பிறந்த இளைஞர்களின் தேதிகளை மட்டும் இட்டுச் சோதித்தவர் இதனைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கிழமை காண்பதிலும் இவ்வாறே. ஞாயிற்றுக்கு பூஜ்யம், திங்களுக்கு ஒன்று என எண்ணிட்டு, நாட்கணக்கோடு நான்கைக் கூட்டி ஏழால் வகுத்த மீதியே கிழமை. 1970 ஜனவரி முதல் நாளுக்கு மீதி நான்கு, அன்று வியாழன். அதற்குப் பத்து நாள் முன்னர், 1969 டிசம்பர் 22க்குக் குறை ஆறு; இறக்கும் முறையில் மீதி ஒன்று, திங்கள். வெட்டும் முறையில் மீதியே குறை ஆறு. அப்படியொரு கிழமை எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. ஏழு பெயருள்ள பட்டியலில் குறை ஆறாவது பெயரைக் கேட்டால் ஜாவா பிழை என்று கூறி நின்றுவிடும். அது நல்லதே, நின்றால் யாரேனும் வந்து பார்ப்பர். சி மொழியோ நிற்க வேண்டுமென்ற கட்டாயமில்லை; நினைவகத்தில் தொடர்பற்ற ஏதோ ஓரிடத்தைப் படித்துக்கொண்டு மேலே செல்லவும் கூடும். கிழமை காண்பதற்கு ஜெர்மானியர் கிறிஸ்டியன் செல்லர் 1880களில் தந்த வாய்பாட்டில், நூற்றாண்டு எண்ணின் இருமடங்கைக் கழிக்க வேண்டும். கணிப்பொறியில் எழுதுவோர் அதற்குப் பதிலாக ஐம்மடங்கைக் கூட்டுவர். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏழின் மடங்காதலின் கிழமை மாறாது. குறை எண்ணும் தோன்றாது. வெள்ளம் வருமுன் அணையிடும் செயல் அது.

ஒரே கருவியில் இரு வழக்கு

சங்கக் கணக்கையும் சீட்டுக் கணக்கையும் எக்செல் ஏட்டில் எழுதும் பொருளாளர்களும் இதனை அறிந்திருத்தல் நலம். அவ்வேட்டில் 'இன்ட்' என்னும் சூத்திரம் குறை மூன்றரையைக் குறை நான்காக இறக்கும். 'கோஷண்ட்' என்னும் சூத்திரம் குறை ஏழை இரண்டால் வகுத்துக் குறை மூன்றாக வெட்டும். மீதி காணும் 'மாட்' சூத்திரம் அதே கணக்குக்கு ஒன்று என்கிறது. அதே எக்செலுக்குள் மேக்ரோ எழுதப் பயன்படும் விஷுவல் பேசிக் மொழியில், அதே 'மாட்' என்னும் பெயர் குறை ஒன்று என்கிறது. ஒரே வீட்டில் இரு கடிகாரங்கள் இரு நேரம் காட்டுவது போன்றது இது. வரவைவிடச் செலவு மிகுந்து இருப்புக் குறை எண்ணாகும் மாதத்தில்தான் இவ்வேற்றுமை தலைகாட்டும்.

இணையப் பக்கங்களுக்குரிய ஜாவாஸ்கிரிப்ட்டில் ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரையே வரும். அதனை முழு எண்ணாக்கச் சிலர் குறுக்கு வழியாக, செங்குத்துக் கோட்டுடன் பூஜ்யத்தைச் சேர்த்து எழுதுவர். அது 2,14,74,83,647க்கு மேற்பட்ட எண்ணைச் சிதைத்துவிடும். பைசாவில் கணக்கு வைத்தால் இது ஏறத்தாழ இரண்டேகால் கோடி ரூபாய்க்கும் குறைவான தொகையே. வெட்டுவதற்கும் இறக்குவதற்கும் அம்மொழியிலேயே 'டிரங்க்', 'ஃப்ளோர்' என்று தனித்தனிச் சூத்திரங்கள் இருக்கும்போது குறுக்கு வழி எதற்கு?

அணாவும் நயாபைசாவும்

எஞ்சியதை எப்பக்கம் தள்ளுவது என்னும் வினா கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1957 ஏப்ரல் முதல் தேதி நம் நாட்டில் ரூபாய் நூறு நயாபைசாவாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ஓர் அணா ஆறேகால் நயாபைசாவாகும். ஆறேகால் பைசாவுக்கு நாணயமில்லை. அரசாங்கம் மாற்றுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஓர் அணாவுக்கு ஆறு, இரண்டு அணாவுக்குப் பன்னிரண்டு, மூன்று அணாவுக்குப் பத்தொன்பது, நான்கு அணாவுக்கு இருபத்தைந்து. மூன்றணாவின் பதினெட்டே முக்காலை மேலே ஏற்றினர். இரண்டணாவின் பன்னிரண்டரையைக் கீழே இறக்கினர். ஓரணாப் பொருளைப் பதினாறு முறை தனித்தனியே வாங்கியவர் தொண்ணூற்றாறு பைசாவே கொடுத்திருப்பார். நான்கு பைசா எங்கோ மறைந்தது.

அப்பட்டியலின் சிறப்பு அது பிழையற்றது என்பதில் இல்லை. விதி இன்னதென்று வெளிப்படையாக அச்சிட்டுக் கடைக்காரரும் வாங்குவோரும் ஒருசேர அறியும்படி செய்ததே அதன் சிறப்பு. நிரல்களில் இல்லாதது அதுதான். விதி உள்ளே இருக்கிறது, ஆனால் எழுதப்படவில்லை. மொழி மாறும்போது ஓசையின்றி விதியும் மாறிவிடுகிறது.

பெயர்ப்போர் செய்ய வேண்டுவன

முதலாவதாக, பழைய நிரலில் வகுத்தல் குறியும் மீதிக் குறியும் வரும் இடம் ஒவ்வொன்றையும் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வினாக்கள்: இரு எண்களும் முழு எண்களா? அவற்றுள் ஒன்றேனும் குறை எண்ணாக வரக்கூடுமா? 'வராது' என்பது விடையாயின் ஏன் வராது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஏழையும் இரண்டையும் நான்கு வகைக் குறிகளுடன் இட்டுப் பழைய மொழியிலும் புதிய மொழியிலும் விடை காண வேண்டும். ஐந்து நிமிட வேலை. எந்த நூலையும் நம்ப வேண்டியதில்லை. மீதியின்றி வகுபடும் எண்களைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தல் ஆகாது.

மூன்றாவதாக, வேற்றுமை இருப்பின் அதனை ஒரே இடத்தில் சரிசெய்ய வேண்டும். வெட்டும் மொழியில் இறக்கும் விடை வேண்டுமாயின்: மீதி பூஜ்யமன்றி, மீதியும் வகுக்கும் எண்ணும் எதிரெதிர்க் குறியுடன் இருந்தால், ஈவில் ஒன்றைக் கழித்து, மீதியோடு வகுக்கும் எண்ணைக் கூட்டுக. ஜாவாவில் 2014இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் 'ஃப்ளோர்டிவ்', 'ஃப்ளோர்மாட்' என்று ஆயத்தமாகவே உள்ளன. இறக்கும் மொழியில் வெட்டும் விடை வேண்டுமாயின், குறிகளை நீக்கி வகுத்துப் பின்னர் குறியைச் சேர்க்க. தசமமாக வகுத்து வெட்டுவது சிறு எண்களுக்குப் பொருந்தும். பதினாறு இலக்கத்தை எட்டும் பேரெண்களில் கடைசி இலக்கங்கள் நம்பத்தக்கன அல்ல.

நான்காவதாக, பூஜ்யத்தால் வகுத்தலையும் பார்க்க வேண்டும். பைத்தானும் ஜாவாவின் முழு எண் கணக்கும் பிழை கூறி நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் 'முடிவிலி' என்று விடை தந்து மேலே செல்லும். நிற்கும் நிரலை நம்பி எழுதிய கணக்கு, நில்லாத மொழிக்குச் சென்றால் என்னாகும் என்று எண்ணுக.

ஐந்தாவதாக, பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒரே விவரங்களின்மீது சில காலம் இணையாக ஓட்டி, வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நிரலைப் பெயர்த்துத் தருகின்றன. பெயர்த்தவர் மனிதராயினும் யந்திரமாயினும் ஒப்பிடும் கடமை நீங்காது.

சம்பளப் பட்டியலையோ ஓய்வூதிய ஆணையையோ கையில் வாங்கும் நம்மவர்க்கும் ஒரு கடமை உண்டு. கணிப்பொறி சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று மடித்து வைத்துவிடாமல், பிறந்த தேதியையும் ஓய்வுத் தேதியையும் பணிப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வேற்றுமை ஒரு நாளே ஆயினும், ஒரு பைசாவே ஆயினும், எழுத்து மூலம் கேட்க வேண்டும். அச்சிறு வேற்றுமை ஒருவர்க்கு மட்டும் நேர்ந்த தற்செயலாக இராது. அதே நிரலின்கீழ் உள்ள பல்லாயிரவர்க்கும் நேர்ந்திருக்கக் கூடும். ஒருவர் கேட்ட கேள்வி அனைவருக்கும் திருத்தமாக முடியலாம்.

கணிப்பொறித் தொழிலில் இறங்கும் நம் இளைஞர்கள் பிற மொழி பேசும் ஊர்களில் வளர்ந்தவர்கள். தெரிந்ததுபோல் ஒலிக்கும் சொல்லின் பொருளைக் கேட்டுத் தெளிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும் என்பதைச் சிறுவயதிலேயே தெருவில் கற்றவர்கள். சாய்கோடு ஒன்றைக் காணும்போதும் அப்பழக்கத்தைக் கைவிடாதிருப்பாராக.